தண்ணி கட்டாத பாத்தி

8 பிப்ரவரி 2005, செவ்வாய்

பனி. விடிந்து வெகுநேரம் ஆகியும் எதிர்வீடு தெரியவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது. விறகடுப்பு, புகை, கண் எரிச்சல்.

காலையிலேயே கன்னியம்மா. நம் உப்பளத்துப் பொம்பளைகளுக்கு இவள்தான் தலைவி. வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள். "பாத்தியெல்லாம் மிதிச்சு முடிச்சிட்டோம் தனம். தரை கல்லாட்டம் இருக்குது. தண்ணி கட்ட வேண்டியதுதான் பாக்கி. உங்க வூட்டுக்காரரு இன்னிக்கின்றாரு, நாளைக்கின்றாரு. நாங்க எத்தினி நாள் கைய கட்டிக்கினு நிக்கறது?"

இவரிடம் கேட்டால், "நாள் பாக்கணும்." நாள் பார்க்கிற ஆளா இவர்? கல்யாணத்துக்கே ஜாதகம் பார்க்காதவர்.

இன்றைக்கும் வந்தது. கோலம் போட்டு நிமிர்ந்தேன். உப்பளத்துக்குப் பின்னால், பனைமரத் தலைகளுக்கு மேலே, கடல். அலை இல்லை, சத்தம் இல்லை, சும்மா நிற்கிறது. போன தடவையைவிட உயரம். எதிர்வீடே தெரியாத பனியில் அது மட்டும் எப்படித் தெரிகிறது என்று எனக்கே கேட்கத் தோன்றியது. கேட்டு என்ன. கோலப்பொடி டப்பா கொட்டிவிட்டது.

சுனாமி அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை. சித்தி பெண்ணுக்குப் பிரசவம் என்று திண்டிவனம் ஆஸ்பத்திரியில். எல்லாம் டிவியில் பார்த்ததுதான். இவர் உப்பளத்தில் நின்றிருந்தார். உப்பங்கழி பொங்கி, வாய்க்கால் வழியாகவே ஏறி வந்து, விற்காமல் வைத்திருந்த குவியலையெல்லாம் கரைத்துக்கொண்டு போனது. இவர் ரோட்டுக்கு ஓடிப் பிழைத்தார். பார்த்தவர் நிம்மதியாகத் தூங்குகிறார். தூக்கத்தில் கடல், கடல் என்று தெருவுக்கே கேட்கக் கத்துவது நான். என்ன நியாயம் இது.

10, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. நிவாரணத்தில் கொடுத்த கம்பளிப் போர்வையை யாரிடம் தள்ளுவது என்று தெரியவில்லை. பூனை அதில் குட்டி போட்டிருக்கிறது.

கத்திரிக்காய்க் குழம்பு. மீன் வாங்க ஊரே இன்னும் யோசிக்கிறது.

பரணில் ஏற்றியவை: அரிசி மூட்டை. தையல் மிஷின் தலை. ரேஷன் கார்டு, பத்திரம், கல்யாணப் புடவை எல்லாம் ஒரு பையில். இவர் வேட்டி ரெண்டு.

சாப்பிட உட்கார்ந்தவர் பரணைப் பார்த்துவிட்டார். தட்டைத் தள்ளிவிட்டார்.

"பாத்தவன் நானு. பாக்காதவ நீ எதுக்குடி ஊரைக் கூட்டற?"

"நான் பாக்கறது வந்து போனது இல்லீங்க. வரப்போறது."

ஏணி போட்டு ஏறினார். எல்லாவற்றையும் இறக்கப் போகிறார் என்று பார்த்தால் வேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். மற்றதெல்லாம் இன்னும் பரணில்தான்.

14, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மாசி பிறந்து நல்ல நாள் என்று இன்றைக்கு வைத்திருந்தார். இவர் குடும்பத்தில் ஒரு வழக்கம்: வாய்க்கால் வாயில் கட்டியிருக்கிற மண்ணை வீட்டுப் பெண்தான் முதலில் வெட்டித் திறக்க வேண்டும். அப்போதுதான் உப்பங்கழித் தண்ணீர் பாத்திக்கு வரும், உப்பு விளையும். மாமியார் இருந்தவரை அவர் வெட்டினார். அப்புறம் நான்தான். வருஷா வருஷம் சந்தோஷமாகத்தான் வெட்டியிருக்கிறேன்.

எல்லாரும் நின்றார்கள். கற்பூரம் எரிந்தது. மண்வெட்டியைத் தூக்கினேன். அந்தப் பக்கம் கடல் எழுந்து நின்றது. நான் வெட்டினால் நானே அதை உள்ளே கூப்பிட்ட மாதிரி. தூக்கிய கை இறங்கவில்லை. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த தெருவில் இருக்கிற நாத்தனார் பத்மா ஓடி வந்தாள். "குடுங்க அண்ணி, நான் வெட்டறேன். நானும் இந்த வூட்டுப் பொண்ணுதானே."

இவர் தூரத்தில், ரோட்டோரம் நின்றிருந்தார். அங்கிருந்தே, "வேணாம். என் பொண்டாட்டிதான் வெட்டணும். அவளால எப்ப முடியுதோ அப்ப வெட்டட்டும்" என்றார்.

அத்தனை பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அவமானத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி.

வழியில் கன்னியம்மா யாரிடமோ: "பைத்தியத்தை நம்பி ஒரு அளம்." காதில் விழட்டும் என்றேதான் சொன்னாள்.

16, புதன்

கேஸ் வந்துவிட்டது. கடையில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "இதான் கடல் பாக்கற அம்மா." நான் கடுகு வாங்கப் போனேன், மறந்து சீரகத்தோடு வந்தேன்.

இந்த வாரமும் தண்ணீர் கட்டாவிட்டால் கன்னியம்மா கூட்டத்தோடு பக்கத்து அளத்துக்குப் போய்விடுவாளாம். போனால் திரும்ப மாட்டார்கள். இந்த சீசன் அவ்வளவுதான். உப்பைத் தவிர எங்களுக்கு வேறு என்ன தெரியும்? எல்லாம் என்னால். பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

பத்மா வந்தாள். "கீழ்புத்துப்பட்டு அய்யனாரு கோயிலுக்கு இட்டுக்கினு போண்ணா. மனசு சரியில்லாதவங்கள அங்கதான் இட்டுக்கினு போறாங்க." இவர் யோசிக்கக்கூட இல்லை. "போலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

18, வெள்ளி

கோயில். நல்ல கூட்டம். ஒரு பெண் தலைவிரித்து ஆடினாள். எனக்கு ஆட்டமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. கால்தான் சுட்டது. பூசாரி திருநீறு கொடுத்து, எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து, "பயப்படாதம்மா" என்றார். அவ்வளவுதான். மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது.

சொல்ல வந்தது பஸ்ஸைப் பற்றி. போகும்போதே கடல் பக்கத்து ஜன்னலில் இவர் உட்கார்ந்துகொண்டார், என்னை உள்ளே தள்ளி. எனக்குத் தெரியாமல் மறைக்கிறாராக்கும் என்று மனசு இளகிவிட்டது. திரும்பும்போதும் அப்படியே. சவுக்குத் தோப்பு விட்ட இடத்தில் கடல் பளிச்சென்று வந்தது. பார்த்தேன், சாதாரணக் கடல், படுத்திருந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடியிருந்தார். தூக்கம் இல்லை. முன் கம்பியைப் பிடித்த கையில் நரம்பு புடைத்திருந்தது.

தோப்பு வந்ததும் கண்ணைத் திறந்தார். அடுத்த இடைவெளியில் திரும்ப மூடினார்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. நாள் பார்க்கணும் என்றது. ரோட்டோரமே நின்றது. பத்மா கையில் மண்வெட்டி போகாமல் தடுத்தது. இந்த வருஷம் பிறந்ததிலிருந்து ஒரு நாளாவது வாய்க்கால் பக்கம் போனாரா?

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டேன். "நான் வெட்டாதது உங்களுக்கு நல்லதாப் போச்சு, இல்லீங்களா?"

செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அது போதும் எனக்கு.

19, சனி

சமைத்தேன், வைத்தேன், சாப்பிட்டார்.

கோபம் ஆறவில்லை. பயம் இவருக்கு, பைத்தியம் என்ற பேர் எனக்கு. ஊர் சிரிக்கிறபோது பக்கத்தில் பெரிய மனுஷன் மாதிரி நின்றாரே. கோயிலுக்கே கூட்டிப் போனாரே. ஒரு வார்த்தை, எனக்கும் அப்படித்தான் இருக்குது தனம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பாவமாகவும் இருக்கிறது. அதனாலேயே இன்னும் கோபம் வருகிறது. அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாமா என்று துணி எடுத்து வைத்தேன். திரும்ப மடித்து உள்ளே வைத்தேன்.

21, திங்கள்

இவரைக் கேட்காமலே காலையில் கன்னியம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலேயே வந்தார். "வேணாம் தனம், சொல்றதக் கேளு." நான் நிற்கவில்லை. இந்த வருஷத்தில் முதல் தடவையாக வாய்க்கால் கரை வரைக்கும் வந்தார். என்னைத் தடுக்கத்தான். ஆனாலும் வந்தார்.

கடல் நின்றது. அன்றைக்கு மாதிரியே, பனைக்கு மேலே. போகவில்லை. போகும் என்று காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் உப்பு விளையாது. வெட்டினேன். ஈரமண், ரெண்டாவது வெட்டில் உடைந்தது. கலங்கலாகத் தண்ணீர் வந்தது. கணுக்கால்கூட நனையாத தண்ணீர்.

இவர் ஓடினார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். மண்வெட்டி எங்கே விழுந்ததோ. கன்னியம்மா கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கிறது. ஒருத்தியும் சிரிக்கவில்லை. சேற்றில், வரப்பில், முள்ளில். ரோட்டுக்கு ஏறித்தான் நின்றோம். இவருக்கு மூச்சு வாங்கி, வாய் கோணி, அழுகை. நான் பார்த்து இதுவரை அழுததில்லை.

கொஞ்சம் அடங்கட்டும் என்று நின்றேன். அப்புறம், "பாத்தி நிறைஞ்சிடுங்க. யாராவது போயி அடைக்கணும்" என்றேன்.

"நீ போயி அடை" என்றார். கையை விடவில்லை.