செண்டோல் வண்டியும் எலுமிச்சம்பழமும்

மச்சான்,

போன வெள்ளிக்கிழமை என் மகள் புதுக் கெரெத்தா எடுத்தாள். கோயில் வாசலில் ஐயர் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி நகர்ந்தது. எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் முட்டி வலியோடு குனிந்து தரையைப் பார்த்தேன். நசுங்கிக் கிடந்தது மூன்றுதான். நாலாவது எங்கே என்று வண்டிக்கு அடியில் தலையை விட்டுத் தேட ஆரம்பித்துவிட்டேன். "அப்பா, மானம் போகுதுலா, எழுந்திரிங்க" என்றாள் மகள். பழம் உருண்டுபோய்ப் பூக்கடை மேசைக்கு அடியில் கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். அந்த வாசனை போதாதா, நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை ஒட்டி நாம் வேலை பார்த்த தகரக் கொட்டகை. சின்ன விமானங்களைப் பழுது பார்க்கும் பட்டறை. மெக்கானிக் என்று நீயும் நானும்தான். முதலாளி ஒரு சீனர், எல்லாருக்கும் அவர் தவுக்கே. கொட்டகைக்குள் நின்றிருந்த அந்த ரெண்டு எஞ்சின் விமானத்தின் கால்களைக் கழற்றி, புதுப்பித்து, திரும்பப் பூட்டியிருந்தோம். இனி அதை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, வெளியிலிருந்து எண்ணெயை அழுத்தி ஏற்றி, சக்கரங்கள் ஒழுங்காக மேலே மடங்கிப் பூட்டிக்கொள்கின்றனவா, திரும்பி இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கான ஹைட்ராலிக் இயந்திரம் நம்மிடம் இல்லை. புதுசின் விலையைக் கேட்டதும் தவுக்கே போனை வைத்துவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு மெஷின் செய்ங்க. விமான இன்ஸ்பெக்டர் ஒத்துக்கிட்டா பட்டறை ஓடும். இல்லேன்னா பிளேனைக் கழட்டி லாரியில சுபாங் பட்டறைக்கு அனுப்பிட்டு நான் கதவைச் சாத்திடுவேன்" என்றார் கடைசியில். அவருடைய தமிழ் நம் தமிழைவிடச் சுத்தமாக இருக்கும்.

எனக்கு வேலை போய்விடுமே என்ற கவலை. உனக்கு ஸ்டெல்லா போய்விடுவாளே என்ற கவலை. உங்கள் கல்யாணத்துக்கு மாதா கோயிலில் நாள் கேட்டாயிற்று. ஆனால் வேலை இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் இல்லை என்று அவள் அப்பா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். நீயோ அதையும் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாய். எனக்கு அப்போது உன்னைப் பார்த்தால் எரிச்சலாக வரும். இவனுக்கு மட்டும் எப்படி எதுவும் உறைக்காமல் இருக்கிறது என்று.

அந்த இயந்திரத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, பெருமையாகவும் இருக்கிறது. துறைமுகத்தில் ஓடி ஓய்ந்த போர்க்லிப்ட் ஒன்றின் பம்பைப் பட்டர்வொர்த் பெசி புரோக் கடையில், பழைய இரும்புக் குவியலில் பிடித்தோம். எண்ணெய்த் தொட்டிக்கு, டத்தோ கிராமாட்டில் உங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுபவரிடம் கெஞ்சி வாங்கிய பழைய பால் கேன். அதை நீ தேய்த்த தேய்ப்பில் உன் கை தோல் உரிந்தது. ஒரு தூசி உள்ளே போனாலும் வால்வு கெடும் என்று உனக்குத் தெரியும். அழுத்தம் தாங்கும் குழாய்களும் அழுத்தம் காட்டும் மீட்டரும் மட்டும் புதுசு. அதில் விளையாடக் கூடாது என்பதில் நமக்குள் சண்டையே வரவில்லை. எல்லாவற்றையும் ஏற்றித் தள்ள ஒரு வண்டி வேண்டுமே என்று நான் புலம்பிக்கொண்டிருந்த அன்று, நீ ஒரு செண்டோல் வண்டியை, ஐஸும் தேங்காய்ப்பாலும் போட்டு விற்கும் தெருவண்டியை, குடையோடு தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாய். பக்கவாட்டில் 'செண்டோல் சேஜுக்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது.

"குடையையாவது கழட்டுடா" என்றேன்.

"இருக்கட்டும்லா, பைப்பை எதுல மாட்டுவே?" என்றாய்.

முதல் ஓட்டத்தில் மீட்டர் முள் காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கியது. நான் பம்பைத் திட்டினேன். நீ கேன் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாய். திரும்பி வரும் எண்ணெய் உயரத்திலிருந்து விழுந்து விழுந்து, கேன் முழுக்கச் சிவப்பு நுரை. "டேய், டீக்கடை மாதிரி நாம தே தாரிக் ஆத்திக்கிட்டு இருக்கோம்டா" என்றாய். குழாயை நீட்டி எண்ணெய்க்குள் முங்க விட்டோம். நுரை அடங்கியது, முள்ளும் அடங்கியது. நாம் ரெண்டு பேரும் செண்டோல் வண்டியைச் சுற்றி ஆடிய ஆட்டத்தைத் தவுக்கே பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் டார்ச், முகத்தில் சிரிப்பு கிடையாது. மலாய்க்காரர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பச்சை எழுத்தைப் படித்து, மீட்டரைப் பார்த்து, மீட்டரில் நீ தொங்கவிட்டிருந்த ஜெபமாலையைப் பார்த்து, "மூலா" என்றார். ஆரம்பிக்கச் சொல்கிறார்.

நான் நெம்புகோலைத் தள்ளினேன். பம்பு இரைந்தது. மூக்குச் சக்கரம் மடங்கிப் பூட்டிக்கொண்டது. வலது சக்கரமும் பூட்டிக்கொண்டது. இடது சக்கரம் கிட்டத்தட்ட உள்ளே போய், கடைசி விரற்கடையில் நின்றுவிட்டது. பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. இறக்கி மறுபடி ஏற்றினேன். அதே இடம். உன் பக்கம் திரும்பினேன், முதல் தடவையாக உன் முகத்தில் சிரிப்பு இல்லை. உன் கல்யாணமே கண்முன்னால் நின்றுபோகிறது என்று எனக்குப் புரிந்தது. உன்மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் அந்த நொடியில் போய், அழுகை வந்தது மச்சான்.

இன்ஸ்பெக்டர் இறக்கைக்கு அடியில் போய் நின்று டார்ச்சை மேலே அடித்தார். அவர் சட்டைக் காலரில் ஒரு சொட்டு விழுந்தது. எண்ணெய் கசிகிறது, தீர்ந்தது கதை என்று நினைத்தேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். நம் எண்ணெய் சிவப்பு, இதற்கு நிறமே இல்லை. மோந்தார். இன்னொரு தரம் மோந்தார்.

"இனி லீமாவ்" என்றார். மலாயில் 'இது எலுமிச்சை'.

சக்கரம் போய் உட்காரும் குழியின் கூரையில், டேப் போட்டு ஒட்டிய ஓர் எலுமிச்சம்பழம், பாதி பிழிபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் சப்பாத்தைப் பார்த்தாய்.

"என்னடா இது?"

"உங்க ஆளுங்க புது வண்டிக்கு வைப்பீங்கள்ல? மாலையை நான் தொங்கவிட்டேன், உங்க சாமிக்கும் ஒரு பங்கு வேணாமா?"

"அது தரையிலதானே வைப்பாங்க?"

"பிளேன் ஜாக்கில நிக்குது. சக்கரம் எங்க தரையை மிதிக்கும்? மேல போய்த்தானே மிதிக்கும்?"

ஞானஸ்நானம் வாங்கிய ஓர் ஆள், என் வீட்டு வழக்கத்தை அவ்வளவு அக்கறையாகத் தலைகீழாக்கி வைத்திருந்தாய்.

இன்ஸ்பெக்டர் விட்டார் பாரு ஒரு டோஸ். பறக்கும்போது இது உள்ளே சிக்கியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். நாம் ரெண்டு பேரும் தலை நிமிரவில்லை, அவர் கேட்டது நியாயம். குழியைத் துடைக்க வைத்தார், மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துக் காட்டச் சொன்னார், பிறகு சக்கரங்களை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, அவருக்குப் போதும் என்று தோன்றும்வரை ஓட்ட வைத்தார். ஒவ்வொரு தடவையும் மூன்று விளக்கும் எரிந்தன. கையெழுத்துப் போட்டார். போகும்போது உன்னைக் கூப்பிட்டு, இனி ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஒருவன் 'லீமாவ்?' என்று கேட்க வேண்டும், மற்றவன் கண்ணால் பார்த்துவிட்டு 'தாடா', அதாவது இல்லை, என்று சொல்ல வேண்டும் என்றார். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தார்.

அன்றிலிருந்து அதுதான் பட்டறைச் சட்டம். நான் கேட்பேன், நீ குனிந்து பார்த்துச் சொல்வாய். பின்னால் வந்த பிள்ளைகளும் காரணம் தெரியாமலே கேட்டார்கள், சொன்னார்கள். உனக்குச் சாப்பாடு கொண்டுவரும் ஸ்டெல்லா கொட்டகை வாசலில் நின்று இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். பிறகு உங்கள் வீட்டில், பிள்ளைகளை ஏற்றி வண்டி கிளம்பும்போதும் அதே கேள்வி என்று அவள்தான் சொன்னாள்.

போன வருஷம் உன்னைப் பெட்டியில் வைத்து மாதா கோயிலிலிருந்து ஏற்றிக்கொண்டு வேன் கிளம்ப நின்றது. பின்கதவைச் சாத்தினார்கள். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"லீமாவ்?"

யாருக்கும் புரியவில்லை. பாதிரியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் நீதான் பதில் சொன்னாய். அப்போது ஸ்டெல்லா, மகன் கையைப் பிடித்துக்கொண்டு, கறுப்புச் சேலையோடு மெல்லக் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் பார்த்தாள். நிமிர்ந்து கண்ணைத் துடைத்தாள்.

"தாடா, அண்ணே. போகச் சொல்லுங்க."