சோத்துச் சட்டி

அன்புள்ள அம்மாவுக்கு, மாதா காவல்.

முழங்கால் நோ எப்பிடி? சென்னையிலை நான் சுகம்.

போனிலை கதைச்சால் தங்கச்சி ஸ்பீக்கரிலை போடுவாள், அதுதான் எழுதுறன். கோயில் பெருநாளுக்குப் பாட வந்த றோகானின்ரை பாட்டைக் கேட்டு அழுதியளாம். கடலுக்குப் போன மனுசன் வருமட்டும் சோத்துச் சட்டி திறவாத அம்மாவைப் பற்றின பாட்டு. "நீயும் உப்பிடி ஒண்டு எழுதன்" எண்டியள்.

கொழும்பிலை பிறந்த உவனுக்கு எங்கடை சட்டியை ஆரம்மா காட்டினது? எழுதினதும் கிற்றார் வாசிச்சதும் நான். பாட்டிலை என்ரை பெயர் போடக் கேக்கமாட்டன் எண்டு ஒப்பம் வைச்சு அவனுக்கு வித்தனான். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.

பாரைக்கருவாடு கொஞ்சம் அனுப்புங்கோ. ஸ்டூடியோவிலை கூப்பிடுகினம், முடிக்கிறன். றோகானுக்கு இன்னொரு அம்மாப் பாட்டு வேணுமாம். அப்பா திரும்பி வராத அண்டைக்கு அந்தச் சோத்தை என்ன செய்தனீங்கள்? கெதியா எழுதுங்கோ.

மகன்,
ஜெராட்