முற்றத்து மழைமானி

அன்புள்ள அப்பா,

போகோரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் உங்கள் மகள் லாராஸ் பெயருக்கே வந்தது. அவளுடைய நாற்பதாம் நாளுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து ஓதிவிட்டுப் போனவர் நீங்கள். இருந்தும் வழக்கம்போல, "ஜோக்ஜாவுல இந்த வாரம் எவ்வளவும்மா மழை?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது.

"கல்யாணத்துக்கு எல்லா அப்பாவும் தங்கம் போடுவாங்க. மழை ஆராய்ச்சி பண்ற எங்கப்பா டப்பா குடுத்திருக்காரு பாரு. நீ தொடாத, கணக்கு கெட்டுப்போகும்" என்று முற்றத்து மழைமானியைக் காட்டிச் சொல்வாள் லாராஸ். தினமும் காலையில் அளந்து, உங்களுக்கு எழுதக் குறித்துக்கொண்டு, தண்ணீரைக் கொட்டிவிடுவாள்.

காய்ச்சலில் படுத்த பிறகு அவள் கொட்டவில்லை. "இன்னிக்கு நல்ல மழை, அப்பாவுக்கு எழுதணும்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாளே, அந்த மழை அதில்தான் இருக்கிறது. அவளை அடக்கம் செய்த பிறகு பெய்ததும் அதில்தான். ஆலையில் கருவிகளைச் சரிபார்ப்பவன் நான், எனக்கு அளக்கத் தெரியாமல் இல்லை. அளந்தால் கொட்ட வேண்டும்.

இப்போது தண்ணீர் விளிம்புவரை நிற்கிறது. மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. நீங்கள் கேட்ட கணக்கை நான் எடுக்கப்போவதில்லை, அப்பா. இன்று பெய்தால் வழிந்துபோவது எந்த மழை என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் மருமகன்