சாரம் கட்டுகிற இடத்தில் ஒரு தழும்பு

இன்று காலையில் பாலாவிச் சந்திக் கடையில் சவர்க்காரம் வாங்கினேன். கடைக்காரர் ஏதோ பூ மணக்கிறதை எடுத்து நீட்டினார். சிவப்பைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி, பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். ஆஸ்பத்திரித் தரையும் கிணற்றடியும் கலந்த அந்த வாசம். உப்பு லொறியொன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. நான் ரோட்டோரத்தில் நின்று, பழைய நாளில்போல நீ குனிந்து கணுக்காலில் உலர்ந்த சவர்க்காரத்தைத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மௌத்தாகி, உன்னை அடக்கி இரண்டு வருடமாகிறது. நான் கடிதம் எழுதுகிற ஆளில்லை, அது உனக்குத் தெரியும். ஆனால் போன வாரம் ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

ஏழு வருடம், காணி அளக்கிற ஒரே சேர்வேயர் ஐயாவிடம் நாம் கோடு வெட்டினோம். அவர் முக்காலிக்குப் பின்னால் குடை நிழலில் நிற்பார். நாம் கத்தியோடு பற்றைக்குள் இறங்கி, அவருடைய கண் போகிற திசைக்கு வழி திறப்போம். ஆலங்குடாப் பக்கம் ஹோட்டல்காரர் காணி வாங்கத் தொடங்கிய பிறகு நமக்கு வேலைக்குக் குறைவிருக்கவில்லை. முள், வெயில், பாம்பு எல்லாவற்றுக்கும் நான் பயந்தேன். நீ ஒன்றுக்குத்தான் பயந்தாய், உண்ணிக்கு.

முதல் நாள் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகி, அதன் மேல் றப்பர் வளையம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல நின்றாய். கழுதைகள் படுத்து எழும்பின நிழலில் என்னை உட்கார விடமாட்டாய். "அந்த நிழல் கழுதைக்கும் உண்ணிக்கும். நமக்கில்ல மச்சான், எழும்பு" என்பாய். சோற்றுப் பார்சலை நாம் வெயிலில் நின்றுகொண்டு தின்றோம். கழுதைகள் நிழலில் படுத்துக்கொண்டு நம்மைப் பார்த்தன. கடலில் பட்டம் பிடித்து ஓட வந்த வெள்ளைக்காரி ஒருத்தி நம்மைப் படம் எடுத்ததும் நினைவிருக்கிறது.

எங்கள் வீட்டில் உண்ணி கடித்தால் மண்ணெண்ணெய் வைப்பார்கள், இல்லாவிட்டால் பீடி நெருப்பால் சுடுவார்கள். நான் பீடியைப் பற்றவைத்ததும் கையைத் தட்டிவிட்டாய். "சூடு பட்டா அது வயித்தில இரிக்கிறதயெல்லாம் உன்ட உடம்புக்குள்ள கக்கும். தோலோட ஒட்டிப் பிடிச்சி நேரா இழு. முறுக்காத, நசிக்காத." சட்டைப் பையிலிருந்து முள் பிடுங்குகிற சின்னச் சாவணம் ஒன்றை எடுத்தாய். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து முகாமில் இருந்த காலத்தில் ஆடு வளர்த்துப் பழகின கை அது. இன்னொன்றும் அடிக்கடி சொல்வாய்: "கண்ணுக்குத் தெரியிற உண்ணிய எடுக்கலாம். தெரியாத பூச்சி ஒன்டு இரிக்கி, அதான் ஆபத்து." தெரியாததற்கு நீ கண்டுபிடித்த மருந்து இந்தச் சிவப்புச் சவர்க்காரம்தான். பற்றைக்குள் இறங்குமுன் அதை உலர்வாகவே கணுக்காலில் தேய்ப்பாய். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகுமுன் உடுப்பைக் கழற்றி வேறாகக் கட்டிவைத்து, உடம்பு சிவக்கும்வரை தேய்த்துக் குளிக்க வேண்டும்.

குளித்த பிறகு பரிசோதனை. கிணற்றடியில் ஒருவர் இடுப்பில் கட்டின சாரத்தோடு முதுகைத் திருப்பி நிற்க, மற்றவர் காதுக்குப் பின்னால், கழுத்தோரம், அக்குள், முதுகு என்று பார்ப்பது. பிறகு மாறி நிற்பது. தொப்புளிலிருந்து முழங்கால்வரை மறைக்க வேண்டிய இடம் என்பதால் அதற்கு நீ சட்டம் போட்டிருந்தாய்: "சாரத்துக்குள்ள இரிக்கிறது அவரவர் பொறுப்பு." நல்ல சட்டம். என்னை அது கொல்லப் பார்த்தது.

ஒரு புரட்டாதியில் சாரம் கட்டுகிற இடத்துக்குக் கீழே, அடிவயிற்றோரம், எனக்கு ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு வந்தது. நோவில்லை, அரிப்புமில்லை. கிணற்றடியில் நான் தடவுவதைக் கண்டு என்ன என்று கேட்டாய். பெல்ட் உரசினது என்றேன். ஒரு கிழமைக்குள் காய்ச்சல் தொடங்கியது. தலை பிளக்கிற வலி. டெங்கு என்று இரத்தம் எடுத்தார்கள், அது இல்லை. ஆஸ்பத்திரியில் மறித்து வார்டில் போட்டார்கள். மூன்று நாள் குளிசை தந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. என் மனைவி கட்டிலருகே, உயிர் பிரியப்போகிறவருக்கு ஓதுகிற யாசீனை ஓதத் தொடங்கியிருந்தாள்.

நீ பாணும் வாழைப்பழமும் கொண்டு வந்த நேரம் டொக்டரும் வந்தார். இளம் சிங்களப் பையன். உடம்பில் ஏதாவது கடித்ததா, காயம் ஏதும் இருக்கிறதா என்று நல்ல முறையாகத்தான் கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் இரண்டு தாதிமார் நின்றார்கள். அடுத்த கட்டிலில் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்துக்காரர் ஒருவர் இருந்தார். வைத்தியருக்குக் காட்ட மார்க்கத்தில் தடையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. நீ என்னைப் பார்த்தாய். பிறகு டொக்டரைப் பார்த்து, வார்டு முழுக்கக் கேட்கிற சத்தத்தில், எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னாய். சொன்னது போதாதென்று உன் உடம்பில் விரல் வைத்தும் காட்டினாய்.

டொக்டர் சாரத்தை இரண்டு அங்குலம் கீழே இறக்கினார். பீடி சுட்டதுபோல ஒரு கறுப்பு. உண்ணிக் காய்ச்சல் என்றார். பெயர்தான் உண்ணி, கடித்தது கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி என்று விளங்கப்படுத்தினார். அன்று பின்னேரமே மருந்தை மாற்றினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. இன்னும் பிந்தியிருந்தால் நுரையீரலைப் பிடித்திருக்கும் என்று துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நேரம் சொன்னார்.

உயிர் தப்பிய மனிதன் என்ன செய்வான்? உன்னோடு கோபித்துக்கொண்டான். ஜமாஅத்துக்காரர் ஊரில் கதையைப் பரப்பிவிட்டார். எனக்கு வெட்கத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகவே கால் வரவில்லை. மூன்று மாதம் உன்னோடு கதைக்கவில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், சரி. இந்த மூன்று சொல்லில் காணி காணியாக அளந்தோம். ஆனால் பின்னேரத்தில் கிணற்றடிப் பரிசோதனை மட்டும் நிற்கவில்லை. நான் குளித்துவிட்டு வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் உனக்கு முன்னால் முதுகைத் திருப்பி நிற்பேன். நீ காதுக்குப் பின்னாலிருந்து தொடங்கிப் பார்ப்பாய். ஒரே ஒரு நாள் என் கழுத்துக்குப் பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. "உசிரோட இரிந்து என்னோட கோவமா இரி மச்சான். எனக்கு அது போதும்."

நான் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பிறகு எப்படியோ கதை தொடங்கியது. மழை வருகிறது என்றோ என்னவோ நான்தான் முதலில் சொன்னேன். ஆஸ்பத்திரி விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உன் நெஞ்சு நின்றுவிட்டது. உன் மய்யித்தைக் குளிப்பாட்டக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். பழக்கத்தில் காதுக்குப் பின்னால் பார்த்தேன். ஒன்றுமில்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. ஒரு கிழமை கழித்து உன் மனைவி உன் சாவணத்தை எனக்குக் கொடுத்தனுப்பினார்.

இப்போது என்னோடு கோடு வெட்டுகிறவர் நவ்பர் நானா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர். உன் சட்டங்கள் எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். காலுறைக்குச் சிரித்தார், கழுதை நிழலுக்கும் சிரித்தார், பரிசோதனைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். போன மாதம் உச்சமுனைக்குப் படகில் போய் ஐந்து நாள் வேலை செய்தோம். கடைசி நாள் அவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே நடந்தார். "உரசுது போல" என்றார். நான் கத்தியைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றேன். ஆனால் மூத்த மனிதர். கேட்கவில்லை.

பத்து நாளில் காய்ச்சல். நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் யார் இருந்தார் தெரியுமா? அவருடைய மகளின் மாமனார். அவரும் சலாம் சொல்லிக்கொண்டு எங்களோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டார். ஏதாவது கடித்ததா என்று டொக்டர் கேட்டார். "இல்ல டொக்டர்" என்றார் நானா. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. வாயைத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை. சம்பந்தி கதிரையில் வசதியாக உட்கார்ந்திருந்தார்.

"டொக்டர், பெல்ட்டுக்குக் கீழ பாருங்க" என்றேன்.

அதே கறுப்பு, அதே மருந்து. நானாவுக்கு இப்போது நல்ல சுகம். ஆனால் வெளியே வந்ததிலிருந்து என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. பாங்கு சொல்கிற அதே தொண்டை எனக்கு மட்டும் அடைத்துவிட்டது. பள்ளிவாசலில் சலாம் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார். வீட்டில் மனைவி கேட்டாள், உங்களுக்கு இது தேவையா என்று. சாரம் மாற்றும்போது அடிவயிற்றோரம் இருக்கிற தழும்பைப் பார்த்தேன். இப்போது அது ஒரு பருப்பளவுதான்.

போன வாரம் அவர் வேலைக்குத் திரும்பினார். காலுறைக்குள் காற்சட்டையைச் செருகியிருந்தார். பகல் முழுக்க இடப்பக்கம், வலப்பக்கம், சரி. பின்னேரம் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தார். துவாயைத் தோளிலிருந்து எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு முன்னால் முதுகைத் திருப்பி நின்றார்.

மச்சான், அந்த மூன்று மாதமும் நான் உனக்கு முன்னால் இப்படித்தான் வந்து நின்றேன். உனக்கு நன்றி சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று இரண்டு வருடமாக மனதை அரித்துக்கொண்டிருந்தது. நவ்பர் நானாவின் நனைந்த முதுகைப் பார்த்தபோது, நன்றி வரவில்லையே என்று எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவர் இனி ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவருடைய வலது காதுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. உன் சாவணத்தை எடுத்து, தோலோடு ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்தேன்.