கை நின்ற பாட்டு

ஒரே பெஞ்சில் என்னோட படிச்சு, பிறகு என் அண்ணனையே கட்டி மைனியா வந்த என் கழுதைக்கு,

டிசம்பர் முடியப் போவுது. இந்த வருசத்துப் பாட்டுல எது முதல் பாட்டுன்னு இன்னும் முடிவாகலை. ரெண்டு பேரும் சரின்னாத்தான் முடிவுன்னு சட்டம் போட்டது நீதானே? மாசியில நீ பாட்டுக்குக் கண்ணை மூடிட்டுப் போயிட்டே. இப்ப நான் யாருகிட்ட கேக்க?

போன வருசம் பீடி இலையும் தூளுமா சொளகை மடியில வச்சுக்கிட்டு எப்படிச் சண்டை போட்டோம்! பீடி சுத்துத கை எந்தப் பாட்டுக்கு வேகமா ஓடுதோ அதுதான் முதல் பாட்டுன்னு நான். “போடி கூறுகெட்டவளே, எந்தப் பாட்டுக்குக் கை நிக்குதோ அதுதான் பாட்டு”ன்னு நீ. அச்சன்புதூர்ல நம்ம தெருவே எட்டிப் பாத்துச்சு. கடைசியில வழக்கம்போல “சரி, தொலை”ன்னு நீதான் விட்டுக்கொடுத்தே. வருசக் கடைசியில ஐந்தருவிக்குப் போற ஆட்டோவுல, ஜெயிச்ச பாட்டுன்னு என் பாட்டைப் போட்டா, மொறைச்சுக்கிட்டே கூடப் பாடினே.

இந்த வருசமும் பாட்டுக்குப் பஞ்சமில்லை. சித்திரையில வந்த குத்துப்பாட்டு கல்யாண வீடு, கோயில் கொடை, மினி பஸ்ஸுன்னு எங்கன போனாலும் காதைக் கிழிச்சுச்சு. சாரல் சீசன்ல குற்றாலத்துக்கு வந்த வண்டியெல்லாம் வேற ஒண்ணை அலறவிட்டுச்சு. ரெண்டுக்கும் என் கை பறந்துச்சு. பிள்ளைக இப்ப முழுப் பாட்டு கேக்கதில்லை மைனி, ரீல்ஸ்ல வார நாலு வரிதான். வருசக் கடைசியில செல்போனே, “இதுதான் உன் முதல் பாட்டு”ன்னு உன் மகளுக்குச் சொல்லுது. அது யாரு சொல்லதுக்கு? அதுக்கு மடியில சொளகா இருக்கு?

போன வாரம் நடந்ததைக் கேளு. நீ உக்காருத இடத்துல இருந்துக்கிட்டு உன் மக ஒரு புதுப் பாட்டைப் போட்டா. இழுவைப் பாட்டு, நீ கேட்டே இருக்க மாட்டே. நான் கண்டுக்காம சுத்திக்கிட்டிருந்தேன். ரெண்டாவது சரணத்துக்கு முன்னால புல்லாங்குழல் வந்துச்சு பாரு, ‘மைனி, இது உன் பாட்டுல்லா’ன்னு சொல்லத் தலையைத் தூக்கிட்டேன்.

“அத்தை, கை ஏன் நின்னுட்டு?”ன்னா அவ. இலை விரல்லயே இருக்கு, தூளு மடியெல்லாம் கொட்டிக் கெடக்கு. “நூலு சிக்கிட்டுடி”ன்னேன். நம்பலை. உன் மகல்லா!

உனக்கும் இப்படித்தான் நின்னுச்சா மைனி? அப்பல்லாம் யாரை நெனச்சே? செத்துப்போன உங்க அம்மையவா? என்கிட்ட ஏன் சொல்லலை? நானும்தான் கேக்கலையே.

உன்னைத் தேடுது மைனி. எதுத்துப் பேச ஆளில்லாம ஜெயிச்சு என்ன செய்ய?

வருசக் கடைசியில உன் மகளைக் கூட்டிக்கிட்டு ஐந்தருவிக்குப் போவேன். போகையிலயும் வாரையிலயும் அந்த இழுவைப் பாட்டுதான் ஓடும், முழுசா, ஒரு வரி தள்ளிவிடாம. நீயே ஜெயிச்சுக்கோ. இந்தத் தடவை நான் சொல்லுதேன்: சரி, தொலை.

முதல் தடவையா தோத்துப்போன
உன் நாத்தனார்,
செல்வி