தாள் எண் 21

கெலுகோர்,
5 ஆகஸ்டு 2025

இல்லை அண்ணே, அத்தா அதைக் கிழித்துப் போடவில்லை. எண் போட்டு வைத்திருக்கிறார்.

ஸலாம். பெர்த்தில் குளிர் அதிகம் என்று மெசேஜில் எழுதியிருந்தீர்கள். மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே மெசேஜின் கடைசி வரியில், உங்கள் கடிதத்தை அத்தா என்ன செய்தார் என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

அம்மா நலம். அத்தா இறந்ததிலிருந்து வீட்டோடு இருக்கும் இத்தா முடிய இன்னும் இரண்டு வாரம். வெளியே போக முடியாத எரிச்சல் முழுக்க அட்டைப்பெட்டிகள் மேல். இதெல்லாம் ஆபீஸிலேயே வச்சிட்டு வந்திருக்கலாமே என்று அத்தாவின் நாற்காலியிடம் கேட்கிறார். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருக்கிறார். பிறகு சமையலறைக்குப் போகிறார்.

பெட்டிகள் மொத்தம் பதினொன்று. முப்பத்தாறு வருடம் அரசாங்க இலாகாவில் இருந்து, பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்றவர் அத்தா. அவருடைய சொந்தத் தாள்களைப் பல்கலைக்கழக ஆவணப் பிரிவு கேட்டிருக்கிறது. அங்கே என்னோடு படித்த காமினி வேலை செய்கிறாள். வந்து பார்த்துச் சிரித்தாள். ஒரு குடும்பமே தன்னை ஃபைல் பண்ணி வச்சிருக்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன்லா என்றாள்.

உண்மைதான். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கோப்பு. என் பள்ளிக்கு ஒன்று. என் தேர்ச்சி அட்டையில் "பெறப்பட்டது" முத்திரை. ஒவ்வொரு தாளிலும் வலது மேல் மூலையில் சிவப்பு மையில் எண்.

உங்கள் பெயரிலும் "சாஹித்" என்று ஒரு கோப்பு. இருபத்து மூன்று தாள்கள்.

தாள் 23 உங்கள் கடிதம். பெற்ற நாள் 13.8.2012. நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: 2003இல் எழுதிய ஆட்சேபத்தை அனுப்பினீர்களா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

கீழே அத்தாவின் எழுத்து. கே.ஐ.வி. 13.8.2013.

நம் வீட்டில் யாருக்கும் அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. இப்போது முடிவு இல்லை, குறித்த நாளில் மறுபடி எடுத்துப் பார். நான் சைக்கிள் கேட்டதற்கும் கே.ஐ.வி. தான்.

அந்தத் தேதியை அடித்துவிட்டு 2014. அதையும் அடித்து 2015. பன்னிரண்டு தேதிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன. பதின்மூன்றாவது 13.8.2025. அது மட்டும் அடிக்கப்படவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை அவர் உங்கள் கடிதத்தை வெளியே எடுத்திருக்கிறார். அந்த நாட்களில் நானும் வீட்டில்தான் இருந்திருப்பேன். எனக்கு எதுவும் நினைவில் இல்லை.

இனி தாள் 21.

2003இல் எனக்கு எட்டு வயது. எனக்குத் தெரிந்தது இவ்வளவு. சுங்கை பினாங்கில் உங்கள் நண்பர் குணாளன் அண்ணன் வீடு இருந்த வரிசையை இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு. நம் சாப்பாட்டு மேசையில், அத்தாவின் கையெழுத்தில், அதை எதிர்த்து மேலதிகாரிகளுக்கு ஒரு தாள். நீங்கள் ஓடிப்போய் அவர் அம்மாவிடம், ஆன்ட்டி பயப்படாதீங்க, அத்தா எதிர்த்து எழுதிட்டார் என்று சொன்னீர்கள். மூன்று வாரத்தில் நோட்டீஸ் வந்தது. அதில் அத்தாவின் கையொப்பம். நீங்கள் கேட்டீர்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு தொழப் போனார். நீங்கள் வீட்டைவிட்டுப் போனீர்கள்.

அந்தத் தாள்தான் 21. நல்ல எழுத்து, அண்ணே. அறுபத்து மூன்று குடும்பங்கள், மாற்று இடம் தராமல் அகற்றுவது தவறு என்று தெளிவாக எழுதியிருக்கிறார். மூலையில், சிவப்பு எண்ணுக்குப் பக்கத்தில், சின்னதாக: "அனுப்பவில்லை. மு.யூ." அத்தாவின் சுருக்கொப்பம், நோட்டீஸுக்கு முந்தின நாள் தேதி.

காரணம் எழுதவில்லை. வேறொரு கோப்பில் பதவி உயர்வுக் கடிதம் இருக்கிறது. நான்கு மாதம் கழித்து. இரண்டையும் சேர்த்துப் படிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். படிக்காமலும் இருக்க முடியவில்லை.

உங்கள் வார்த்தையைக் குணாளன் அண்ணனின் அம்மா புஷ்பவள்ளி ஆன்ட்டி கடைசி வரை நம்பினார். மேல ஆளுங்க கேட்கலை, அவர் என்ன செய்வார் என்பார். தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு டின்னோடு வருவார். அத்தா எழுந்து நின்று வாங்கிக்கொள்வார். ஒன்றுகூடத் தின்றதில்லை. பல் வலி என்பார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே பல்லா வலிக்கும் என்று அம்மா கேலி செய்வார். நாங்கள் சிரிப்போம்.

ஆன்ட்டி போன பிறகு குணாளன் அண்ணன் இப்போது குடியிருக்கும் பத்து காவானிலிருந்து டின் கொண்டுவருகிறார். ஏப்ரலில் அத்தாவின் கபுரில் மண் தள்ளியவர்களில் அவரும் ஒருவர். நீங்கள் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது, அதனால் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தாள்களை ஒப்படைக்கும் படிவத்தில் நாம் இருவரும் கையொப்பம் போட வேண்டும். குடும்பம் நிறுத்தி வைக்க விரும்பும் தாள்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. தாராளமா எடுத்துக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க என்றாள் காமினி.

மறைக்காமல் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை கத்தரிக்கோலை எடுத்தேன். மூலையை மட்டும் வெட்டினால் போதும். மீதித் தாளில் அத்தா எதிர்த்தவராகவே இருப்பார். குணாளன் அண்ணனுக்கு அவருடைய அங்கிள் இருப்பார். நீங்கள் அன்று சொன்னதும் பொய்யாகாது.

ஆனால் அதே மூலையில்தான் எண். அதையும் சேர்த்துத்தான் வெட்ட முடியும். இருபதுக்குப் பிறகு எண்ணில்லாத ஒரு தாள், பிறகு இருபத்திரண்டு. அத்தா அந்தக் குறிப்பை வேறெங்காவது எழுதியிருக்கலாம். எழுதாமலே இருந்திருக்கலாம். தாளையே எரித்திருக்கலாம். இருபத்திரண்டு வருடம் இருந்தது.

கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை: இல்லை.

அவருக்காக மன்னிப்புக் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. உங்களிடம் கேட்பது வேறு. 13ஆம் தேதி புதன்கிழமை. வாருங்கள். குணாளன் அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் இதை ஆவணப் பிரிவில் ஒரு அந்நியர் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது. அன்று அந்த வீட்டில் பேசியது நீங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் இருக்கிறேன். அத்தாவின் அறையில் உங்களுக்குப் பாய் போட்டு வைக்கச் சொல்கிறார் அம்மா. போன தடவை நீங்கள் அந்த வாசலோடு திரும்பியதை அவர் பார்த்திருக்கிறார்.

அல்லாஹ் உங்கள் பயணத்தை லேசாக்கட்டும். தேதியை இன்னொரு முறை அடிக்க வைக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
ரோஹானா

பி.கு. இங்கே கையொப்பம் போட்ட பிறகு 21ஐ அதன் இடத்தில் வைத்தேன். இந்தக் கடிதத்தின் நகலுக்குச் சிவப்பு மையில் 24 என்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன். பிறகு குணாளன் அண்ணனுக்குப் போன் செய்து, 13ஆம் தேதி சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னேன்.