ராஹேலை விலக்கிய தையற் கூட்டம்

1943 பெப்ரவரி 2, செவ்வாய்
காலையில் மழை. பிறகு புழுக்கம்.
மிஷன் வீட்டில் தையற் கூட்டம். காயப்பட்ட மாலுமிகளுக்கு ஆஸ்பத்திரிச் சட்டை. ராஹேல் வரவில்லை, சலவை வேலை. பக்கத்து வீட்டுக்காரி. போன வருடம் குண்டுவீச்சில் புருஷன் போனபின் நேவி ஆஸ்பத்திரித் துணி தோய்த்துப் பிழைக்கிறாள்.
ஜெபம் முடிந்ததும் தலைவி பொன்னம்மா அக்கா தொடங்கினார்.
"ராஹேலின்ரை வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்து போறானாம். கையிலை டின்பாலாம். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பால் என்னத்துக்கு?"
சிரிப்பு.
அந்தப் பாலைக் குடித்தது என் மகன். வயிற்றோட்டத்தில் துவண்டு கிடந்தான். கடையில் பால் இல்லை. ராஹேல்தான் நேவி ஆஸ்பத்திரி வெள்ளைக்காரனிடம் கெஞ்சிக் கேட்டாள். அவன் இரண்டு தரம் வந்தான். அவள் வாசற் படலையில் நின்று கொடுத்துவிட்டுப் போனான்.
எல்லாம் தெரிந்தும் குனிந்தபடி சட்டை பூட்டும் தெறியைத் தைத்தேன். என் வீட்டுக்காரருக்கு வேலை பொன்னம்மா அக்காவின் புருஷனுக்குக் கீழே.
"தங்கம், நீர்தானே பக்கத்து வீடு. இனி வரவேண்டாம் எண்டு நீரே சொல்லிவிடும்."
"ஓம்" என்றேன்.

பெப். 3, புதன்
வாங்க: மண்ணெண்ணெய், வெள்ளை நூல், சீனி (கிடைத்தால்).
பின்னேரம் ராஹேலிடம் போனேன். கொடி நிறைய நேவித் துணி. சொன்னேன்.
"ஆர் சொன்னது?"
"எல்லாரும்."
"நீங்களுமோ அக்கா?"
அவள் உள்ளே போய், கூட்டத்துக்கென்று தைத்து முடித்த சட்டைகளை மடித்துக்கொண்டு வந்து தந்தாள்.
"தம்பிக்கு இப்ப வயிறு சுகமோ?"
தலையை மட்டும் ஆட்டினேன்.
இவரிடம் சொன்னதற்கு, "உமக்கேன் அந்தக் கதை? சும்மா இரும்."

பெப். 7, ஞாயிறு
கோயிலில் ராஹேல் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். இருபக்கமும் வெறுமை. நான் முன்வாங்கில். பிரசங்கம் ஒரு சொல்லும் நினைவில்லை.

பெப். 9, செவ்வாய்
வெயில். தலையிடி.
ராஹேல் விடியவே இறக்கக்கண்டிக்கு, தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாளாம். ஒரு பெட்டி, ஒரு பாய். வண்டிக்காரன் சொல்லித்தான் தெரியும்.
கூட்டம். பொன்னம்மா அக்கா அவள் தைத்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தையல் மட்டும் சுத்தம்." மறுபடியும் சிரிப்பு.
பொறுக்க ஏலவில்லை. "அந்தப் பால் என்ரை பிள்ளைக்கு வந்தது" என்றேன். முழுவதையும் சொன்னேன். ஆள் போன பிறகு வந்த தைரியம்.
பொ. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.
"அப்ப அவன் வந்தது உம்மடை வீட்டுக்கோ?"

பெப். 15, திங்கள்
இவர் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. வேலை செய்யும் கந்தோரில் என்னைப் பற்றி என்னவோ கேட்டிருக்கிறார்கள்.
ராஹேலுக்குக் கடிதம். இரண்டைக் கிழித்தேன். மூன்றாவதைத் தபாலில் போட்டேன்.

பெப். 16, செவ்வாய்
காற்று. பொ. அக்கா வீட்டு வேலைக்காரி படலையில் நின்று, "இண்டைக்குக் கூட்டம் இல்லையாம்" என்றாள்.
மூன்று மணி. வீதிக்கு அங்கால், மிஷன் வீட்டில், தையல் மெஷின் ஓடுகிறது. பாட்டும் கேட்கிறது.